எலிகளின் உணவு நேரமும் உடல் எடையும்

எலிகளின் உணவு நேரத்துக்கும் உடல் எடைக்கும் இடையிலான தொடர்பு, காலவுயிரியலும் ஊட்டச்சத்தியலும் சந்திக்கும் ஓர் ஆய்வுப் பொருள் ஆகும். எலி இரவில் இயங்கி இரவில் உண்ணும் விலங்கு. உணவின் அளவும் வகையும் மட்டுமன்றி, அது நாளின் எந்த வேளையில் உண்ணப்படுகிறது என்பதும் எலியின் எடையைப் பாதிக்கிறது என்பதை 2000ஆம் ஆண்டுக்குப் பின் வெளிவந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. கொழுப்பு மிகுந்த உணவை ஓய்வு வேளையாகிய பகலில் மட்டும் உண்ட விலங்குகள், அதே உணவை இரவில் மட்டும் உண்டவற்றைவிட அதிக எடை கூடின.

இத்துறையின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் இடம் உண்டு. எந்த உணவை உண்டால் எலியின் எடை எவ்வளவு ஆகும் என்ற கேள்வி குன்னூரில் ஆராயப்பட்டது. உயிரினங்களின் உடல் நேரத்தை எவ்வாறு அறிகிறது என்ற கேள்வி மதுரையில் ஆராயப்பட்டது.

தமிழில் எலி என்னும் சொல் பெரிய எலிகளையும் சுண்டெலிகளையும் ஒருசேரக் குறிக்கும். உயிரியலில் இவை வெவ்வேறு பேரினங்கள். வீடுகளில் செல்லமாக வளர்க்கப்படும் வெள்ளை எலியும் புள்ளி எலியும் பழுப்பு எலி இனத்தின் பழக்கப்படுத்தப்பட்ட வகைகள். கீழே கூறப்படும் ஆய்வுகளில் சில எலிகளிலும், பெரும்பாலானவை சுண்டெலிகளிலும் செய்யப்பட்டவை. எனவே எந்த ஆய்வு எந்த விலங்கில் செய்யப்பட்டது என்பது அவ்வவ்விடத்தில் குறிக்கப்படுகிறது.

எலியின் ஒரு நாள்

ஆய்வகங்களில் எலிகள் பொதுவாக 12 மணி நேர ஒளியிலும் 12 மணி நேர இருளிலும் வளர்க்கப்படுகின்றன. எந்நேரமும் உணவு கிடைக்குமாறு வைத்தாலும், அவை நாளின் உணவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை இருள் வேளையிலேயே உண்கின்றன. ஒரே முறையில் வயிறு நிறைய உண்ணாமல், சிறு சிறு வேளைகளாகப் பிரித்து உண்பது அவற்றின் வழக்கம். விளக்கு அணைந்த உடனேயும் விடியலுக்குச் சற்று முன்னும் உண்ணுதல் மிகுதியாக இருக்கும். பகலில் பெரும்பகுதி உறக்கத்தில் கழிகிறது. இடையில் விழித்துச் சிறிது உண்பதும் உண்டு.

உடல் வெப்பநிலையும் இதே ஒழுங்கில் மாறுகிறது. எலியின் உடல் பகலைவிட இரவில் ஏறத்தாழ 1 பாகை செல்சியசு அதிக வெப்பமாக இருக்கும். கார்ட்டிகோசுட்டீரோன் என்னும் இயக்குநீர், எலி விழித்தெழும் மாலை வேளையை ஒட்டி உச்சத்தை அடைகிறது. மனிதரில் இதற்கு ஈடான கார்ட்டிசால் காலையில் உச்சம் பெறுவதை இதனோடு ஒப்பிடலாம். எலியின் மாலை நமது காலைக்கு ஒப்பானது என்பதே இதன் சுருக்கம்.

நன்கு வளர்ந்த ஆண் எலி பொதுவாக 450 முதல் 520 கிராம் வரையும், பெண் எலி 250 முதல் 300 கிராம் வரையும் எடை கொண்டிருக்கும். 100 கிராம் உடல் எடைக்கு நாளொன்றுக்கு 5 முதல் 6 கிராம் உலர் உணவும், ஏறத்தாழ 10 மில்லிலிட்டர் நீரும் தேவைப்படும். எலியின் ஆயுள் 2 முதல் 3 ஆண்டுகள்.

குன்னூர்: எடையும் உணவு வகையும்

இந்தியாவில் எலிகளின் எடையை அளவுகோலாகக் கொண்டு உணவை ஆராய்ந்த முன்னோடி ராபர்ட் மெக்காரிசன். 1918ஆம் ஆண்டு நீலகிரி மாவட்டத்தின் குன்னூரில், பாஸ்டர் நிறுவன வளாகத்தில் பெரிபெரி நோய் குறித்த ஆய்வாக இவரது பணி தொடங்கியது. இதுவே பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1958இல் இந்நிறுவனம் ஐதராபாத்துக்கு இடம் மாறியது. இன்று அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இயங்கி வருகிறது.

மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் குழுக்களுக்குத் தனித்தனியே அளித்து, அவற்றின் சராசரி எடையை ஒப்பிட்டார். முழுக் கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி ஆகியவை அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரியாக 235 கிராம் இருந்தன. தீட்டிய அரிசியை அடிப்படையாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்ட எலிகள் 155 கிராம் மட்டுமே இருந்தன. பிற பகுதிகளின் உணவுகளை உண்ட எலிகள் இவ்விரண்டுக்கும் இடையில் அமைந்தன. இவ்வாய்வில் அதிக எடை என்பது நல்ல வளர்ச்சியின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. ஊட்டக் குறைவே அக்காலத்தின் பெருஞ்சிக்கலாக இருந்ததால் அது இயல்பே.

ஆனால் 1935ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே குழுவினர் இதன் மறுபக்கத்தைக் காட்டினர். தேவையான சத்துகள் குறையாமல் கலோரி மட்டும் குறைக்கப்பட்ட எலிகள், வேண்டிய அளவு உண்ட எலிகளைவிட நெடுங்காலம் வாழ்ந்தன. அதிக எடை எப்போதும் நலத்தின் அடையாளம் அன்று என்பது இதனால் தெரியவந்தது.

இவ்விரு ஆய்வுகளும் 'என்ன', 'எவ்வளவு' என்னும் கேள்விகளுக்கு விடை தந்தன. 'எப்போது' என்னும் கேள்விக்கு விடை காண, முதலில் உடலின் கடிகாரத்தை அறிய வேண்டியிருந்தது.

உயிரியற் கடிகாரம்

வெளியிலிருந்து எந்த நேரக் குறிப்பும் கிடைக்காத நிலையிலும், ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்ப நிகழும் உடல் ஒழுங்கு நாளொழுங்கு அல்லது சர்க்கேடியன் ஒழுங்கு எனப்படும். தொடர் இருளில் வைக்கப்பட்ட எலியும் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எழுந்து ஓடுகிறது. எனினும் இந்த உட்கடிகாரம் சரியாக 24 மணி நேரம் ஓடுவதில்லை. அதை நாள்தோறும் வெளியுலகோடு பொருத்தும் முதன்மையான குறிப்பு ஒளி ஆகும்.

பாலூட்டிகளின் தலைமைக் கடிகாரம் மூளையின் ஐப்போதலாமசு பகுதியில் உள்ளது. இரு கண்களின் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இரண்டு சிறு நரம்பணுத் திரள்களாக இது அமைந்துள்ளது. இதில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் உள்ளன. 1972இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே எலிகளில் இத்திரள்களை அழித்துப் பார்த்தன. ஒரு குழு கார்ட்டிகோசுட்டீரோன் ஒழுங்கும், மற்றொரு குழு ஓடுதல், நீரருந்துதல் ஆகியவற்றின் ஒழுங்கும் குலைந்ததைக் கண்டன. கடிகாரத்தின் இருப்பிடம் இவ்வாறு எலிகளின் வழியாகவே உறுதியானது.

பின்னர், இவ்வகைக் கடிகாரம் மூளையில் மட்டுமன்றிக் கல்லீரல், கணையம், கொழுப்புத் திசு, தசை என உடலின் பெரும்பாலான உறுப்புகளின் உயிரணுக்களிலும் இருப்பது கண்டறியப்பட்டது. சில மரபணுக்கள் புரதங்களை உருவாக்குகின்றன; அப்புரதங்கள் சேர்ந்தபின் அதே மரபணுக்களின் செயலைத் தடுக்கின்றன; புரதங்கள் சிதைந்தபின் மரபணுக்கள் மீண்டும் செயற்படுகின்றன. இச்சுழற்சி ஒரு முறை நிறைவுற ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகிறது. பழ ஈக்களில் இப்பொறிமுறையைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராசுபாசு, மைக்கேல் யங் ஆகியோருக்கு 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மதுரை: தாயின் வருகையும் குட்டிகளின் கடிகாரமும்

இந்தியாவில் காலவுயிரியலை நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவர் எம். கே. சந்திரசேகரன் (1937–2009). மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இவர் உருவாக்கிய குழு வௌவால்கள், வயற்சுண்டெலிகள், மனிதர்கள் எனப் பலவற்றின் நாளொழுங்கையும் ஆராய்ந்தது. இவருக்கு 1983ஆம் ஆண்டு சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு வழங்கப்பட்டது.

இக்குழுவினர் 1981இல் வெளியிட்ட ஆய்வு, ஒளி புகாத குகையில் வாழும் வௌவால்களைப் பற்றியது. கூண்டில் அடைக்கப்பட்ட வௌவாலும், குகையில் உள்ள கூட்டத்தின் போக்குவரத்தைக் கொண்டே தன் கடிகாரத்தை ஒத்திசைத்துக் கொண்டது. ஒளி இல்லாவிடினும் பிற குறிப்புகள் கடிகாரத்தைத் திருத்தக்கூடும் என்பது இதனால் புலப்பட்டது.

உணவு நேரத்தோடு இன்னும் நெருங்கிய தொடர்புடைய ஆய்வை விசுவநாதனும் சந்திரசேகரனும் 1985ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியிட்டனர். தென்னிந்திய வயல்களில் வாழும் சுண்டெலியின் குட்டிகளை, ஒளி-இருள் மாற்றம் இல்லாத சூழலில் அவர்கள் வளர்த்தனர். தாய் 12 மணி நேரம் குட்டிகளுடன் விடப்பட்டது. அடுத்த 12 மணி நேரம் பிரிக்கப்பட்டது. குட்டிகளின் கடிகாரம் தாயின் வருகைக்கும் பிரிவுக்கும் ஏற்ப ஒழுங்குபட்டது.

வயல் வளையில் இதன் பயன் தெளிவு. தாய் இரவில் இரை தேடச் சென்று பகலில் வளையில் தங்குகிறது. வளைக்குள் ஒளி காணாத குட்டிக்குத் தாயே பகலிரவை அறிவிக்கிறது. தாயின் வருகை பால், வெப்பம், தொடுகை ஆகிய மூன்றையும் ஒருங்கே கொண்டுவருவது. எனவே இதை உணவின் விளைவு என்று மட்டும் கூற இயலாது. ஆயினும், எலி இனத்தின் வாழ்வில் உணவும் நேரமும் பிறந்த சில நாட்களிலேயே பிணைந்துவிடுகின்றன என்பதற்கு இது ஒரு சான்று.

உணவு நேரம் கடிகாரத்தை மாற்றும் முறை

நாள்தோறும் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் உணவு பெறும் எலிகள், உணவு வருவதற்கு முன்னரே சுறுசுறுப்படைகின்றன. அமெரிக்க ஆய்வாளர் கர்ட் ரிக்டர் இதை 1922இலேயே பதிவு செய்தார். இது உணவெதிர்நோக்கு இயக்கம் எனப்படுகிறது. மூளையின் தலைமைக் கடிகாரம் அழிக்கப்பட்ட எலிகளிலும் இவ்வியக்கம் நீடிப்பதை பிரெடெரிக் ஸ்டீபன் குழுவினர் 1979இல் காட்டினர். அதாவது, ஒளியைப் பின்பற்றும் கடிகாரத்துக்கு வெளியே உணவைப் பின்பற்றும் கடிகாரம் ஒன்றும் உடலில் உள்ளது.

2000ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் செனீவாவில் சுண்டெலிகளிலும், 2001இல் அமெரிக்காவில் எலிகளிலும் வெளிவந்த ஆய்வுகள் இதை மேலும் தெளிவாக்கின. இரவில் உண்ணும் இவ்விலங்குகளுக்குப் பகலில் மட்டும் உணவு அளித்தபோது, சில நாட்களில் கல்லீரலின் கடிகாரம் புதிய உணவு வேளைக்கு மாறியது. மூளையின் தலைமைக் கடிகாரமோ ஒளியைப் பின்பற்றிப் பழைய நேரத்திலேயே நின்றது. ஓர் உடலுக்குள் இரு கடிகாரங்கள் இரு வேறு நேரங்களைக் காட்டும் இந்நிலை உள்முரண் எனலாம். பிற்கால எடை ஆய்வுகள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

உடல் எடை குறித்த ஆய்வுகள்

இத்துறையின் முதன்மையான கண்டுபிடிப்புகள் கால வரிசையில் கீழே தரப்படுகின்றன.

2005: கடிகார மரபணுக்களுள் ஒன்றில் மாற்றம் உடைய சுண்டெலிகள் இரவு பகல் வேறுபாடின்றி உண்டு, உடல் பருத்தன. கடிகாரத்துக்கும் எடைக்கும் நேரடித் தொடர்பு இருப்பதை அமெரிக்காவின் நார்த்வெசுட்டர்ன் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

2007: அதே பல்கலைக்கழகத்தின் மற்றோர் ஆய்வில், இயல்பான சுண்டெலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த உணவு அளித்தபோது அவற்றின் உண்ணும் ஒழுங்கு தளர்ந்தது. பகலில் உண்ணும் பங்கு கூடியது. அதாவது கடிகாரம் உணவை ஆள்வது போலவே, உணவின் வகையும் கடிகாரத்தைக் குலைக்கிறது.

2009: கொழுப்பு மிகுந்த உணவு ஒரு சுண்டெலிக் குழுவுக்கு ஒளி வேளையில் மட்டும், மற்றொரு குழுவுக்கு இருள் வேளையில் மட்டும் அளிக்கப்பட்டது. ஆறு வாரங்களில் பகலில் உண்டவை தொடக்க எடையைவிட 48 விழுக்காடும், இரவில் உண்டவை 20 விழுக்காடும் கூடின. உண்ட கலோரியிலும் இயக்கத்திலும் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை.

2010 (எலிகளில்): மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரவுப்பணி போன்ற ஒரு சூழலை எலிகளுக்கு அமைத்தனர். எலிகள் வாரத்தில் ஐந்து நாட்கள், தம் ஓய்வு வேளையில் எட்டு மணி நேரம், மெல்லச் சுழலும் உருளையில் விழித்திருக்க வைக்கப்பட்டன. அவை ஓய்வு வேளையில் உண்ணத் தொடங்கி, வயிற்றுப் பகுதியில் கொழுப்புச் சேர்த்தன. அதே உருளையில் இருந்தும் இயல்பான இரவு வேளையில் மட்டும் உணவு பெற்ற எலிகள் அவ்வாறு பருக்கவில்லை. உடல் பருமனுக்கு விழித்திருந்த நேரத்தைவிட உண்ட நேரமே காரணம் என்பதை இது காட்டியது.

2010: இரவில் முழு இருளுக்குப் பதில் 5 லக்சு அளவுள்ள மங்கிய ஒளியில் வைக்கப்பட்ட சுண்டெலிகள் எடை கூடின. உண்ட மொத்த உணவும் இயக்கமும் மாறவில்லை. ஆனால் உணவில் பாதிக்கு மேற்பட்ட பங்கை அவை பகலில் உண்டன. இருண்ட இரவில் இருந்தவை பகலில் உண்டது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் மட்டுமே. உணவை இரவுக்கு மட்டும் வரையறுத்தபோது இந்த எடைக் கூடுதல் தடுக்கப்பட்டது.

2012: கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில், ஒடிசாவில் பிறந்த சச்சிதானந்த பாண்டா தலைமையிலான குழு, கொழுப்பு மிகுந்த உணவை இரவில் 8 மணி நேரம் மட்டும் அளித்தது. எந்நேரமும் உண்ட சுண்டெலிகளுக்கு ஈடான கலோரியை உண்டும், இவை உடல் பருமனிலிருந்தும் கொழுப்புக் கல்லீரலிலிருந்தும் பெருமளவு தப்பின.

2022: டெக்சாசில் ஜோசப் தகாகாசி குழுவினர் சுண்டெலிகளின் ஆயுளை ஆராய்ந்தனர். 30 விழுக்காடு கலோரிக் குறைப்பை நாள் முழுதும் பரப்பி அளித்தபோது ஆயுள் 10 விழுக்காடு நீண்டது. அதே அளவை இரவு வேளைக்குள் அளித்தபோது 35 விழுக்காடு நீண்டது. இவ்வேறுபாட்டை உடல் எடையைக் கொண்டு விளக்க இயலவில்லை. எனவே உணவு நேரத்தின் பயனைத் தராசு மட்டும் காட்டிவிடாது.

காரணங்கள்

ஒரே அளவு கலோரி, உண்ணும் நேரத்தைப் பொறுத்து எடையில் வேறுபாட்டை ஏற்படுத்துவது ஆற்றல் அழியாமை விதிக்கு முரண்பட்டது போலத் தோன்றலாம். உண்மையில் வேறுபடுவது ஆற்றல் செலவும் சேமிப்பும் ஆகும்.

உண்ட உணவைச் செரித்துப் பயன்படுத்தும்போது உடல் ஓரளவு வெப்பத்தை வெளியிடுகிறது. இரவில் உண்ணும் சுண்டெலிகளின் கொழுப்புத் திசு உணவாற்றலில் கூடுதல் பங்கை வெப்பமாகச் செலவிடுவதையும், இதில் கொழுப்பு உயிரணுக்களின் கடிகாரத்துக்குப் பங்கு இருப்பதையும் 2022இல் நார்த்வெசுட்டர்ன் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. பகலில் உண்ணும்போது இச்செலவு குறைவு. எஞ்சியது கொழுப்பாகச் சேர்கிறது.

இரண்டாவது காரணம் உறுப்புகளின் ஆயத்தம். சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளும் நொதிகள் நாள் முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. உண்ணும் வேளையை எதிர்நோக்கி அவை கூடுகின்றன. உண்ணா வேளையில் சேமித்த கொழுப்பை எரிக்கும் பணி நடைபெறுகிறது. இரவும் பகலும் இடைவிடாது உண்ணும் எலிக்கு இந்த இரண்டாம் வேளை கிடைப்பதில்லை.

ஆய்வு முடிவுகளின் எல்லை

மேற்கண்ட முடிவுகளை வளர்ப்பு எலிகளுக்குப் பொருத்தும்போது சிலவற்றை நினைவிற் கொள்ள வேண்டும்.

முதலாவதாக, இவற்றுட் பல சுண்டெலிகளிற் செய்யப்பட்டவை. ஒரு சுண்டெலியின் எடை பெரிய எலியின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவே. அதன் ஆற்றல் செலவு வேகம் மிக அதிகம். எட்டு மணி நேர உணவு வேளை இரண்டுக்கும் ஒரே பொருள் உடையதன்று.

இரண்டாவதாக, பெரிய வேறுபாடுகள் கொழுப்பு மிகுந்த உணவிலேயே காணப்பட்டன. 2012ஆம் ஆண்டு ஆய்வில், சாதாரண ஆய்வக உணவை உண்ட விலங்குகளிடையே நேர வரையறையால் பெரிய எடை வேறுபாடு ஏற்படவில்லை. சரியான உணவு உண்ணும் எலிக்கு நேரக் கட்டுப்பாடு தரும் எடைப் பயன் சிறிதே என்பது இதன் பொருள். எண்ணெய்ப் பண்டங்களும் நிலக்கடலையும் நாள் முழுதும் உண்ணும் எலிக்கு முதலில் மாற்ற வேண்டியது உணவின் வகையே.

மூன்றாவதாக, மிகக் குறுகிய உணவு வேளை தீங்கானது. 1967ஆம் ஆண்டு ரூட்டன்பர்க், குசுனெசாஃப் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. சுழல் சக்கரம் உள்ள கூண்டில், நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் உணவு பெற்ற எலிகள் நாளுக்கு நாள் அதிகமாக ஓடி, குறைவாக உண்டு, தாமே பட்டினி கிடந்து மெலிந்தன. சக்கரம் இல்லாமல் அதே உணவு வேளையில் இருந்த எலிகள் தாக்குப்பிடித்தன. எடையைக் குறைக்கும் எண்ணத்தில் உணவு வேளையைச் சுருக்கிச் சக்கரத்தையும் கூண்டில் வைப்பது எலியின் உயிருக்கே கேடாக முடியலாம்.

வீட்டில் வளர்க்கப்படும் எலிகள்

சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் உள்ளது. இங்கே பகற்பொழுது திசம்பரில் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரமும், சூனில் 13 மணிக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். ஆய்வகங்கள் விளக்குகளைக் கொண்டு உருவாக்கும் 12 மணி நேரப் பகலிரவு இங்கு ஏறத்தாழ இயற்கையாகவே கிடைக்கிறது. கதிரவன் மறையும் நேரம் ஆண்டு முழுதும் மாலை 5.40க்கும் 6.40க்கும் இடையில் அமைகிறது.

ஆனால் எலி வாழ்வது வெளியில் அன்று, அறைக்குள். தாம்பரத்துக்குத் தெற்கே பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், கூடுவாஞ்சேரி ஆகிய ஊர்களில் மாணவர்களும் கணினித் துறையில் பணிபுரிவோரும் வாடகை அறைகளில் தங்கியுள்ளனர். இத்தகைய ஓரறைக் குடியிருப்பில் குழல்விளக்கு நள்ளிரவு தாண்டியும் எரிவது வழக்கம். அறையில் வளரும் எலிக்கு மாலை 6 மணிக்கு வரவேண்டிய இரவு, பின்னிரவு 1 மணிக்கே வருகிறது. காலையில் கல்லூரிக்கோ அலுவலகத்துக்கோ புறப்படுமுன் கிண்ணத்தை நிரப்பிச் செல்வதால், புதிய உணவும் எலி உறங்க வேண்டிய வேளையிலேயே கிடைக்கிறது. வளர்ப்பவரின் அன்பில் குறையில்லை. ஆயினும் மனிதரின் நாளில் எலி வாழ நேர்கிறது. ஆய்வகத்தில் திட்டமிட்டு உருவாக்கப்படும் இரவுப்பணிச் சூழல் இங்கே அறியாமல் உருவாகிவிடுகிறது.

இதைத் தவிர்க்கப் பின்வருவன உதவும்.

ஒளி: மாலையில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் கூண்டு இருளில் இருக்க வேண்டும். அறையில் விளக்கு எரிய வேண்டுமெனில், காற்றோட்டத்தைத் தடுக்காத வகையில் கூண்டின் ஒளிபடும் பக்கத்தை மட்டும் துணியால் மறைக்கலாம். இரவு விளக்கின் மங்கிய ஒளியும் விளைவு ஏற்படுத்தக் கூடியது. இரவில் கூண்டைப் பார்க்க, எலிகளால் குறைவாகவே உணரப்படும் மங்கிய சிவப்பு விளக்கைப் பயன்படுத்தலாம். வெள்ளை எலிகளின் கண்களைத் தொடர்ந்த கடும் ஒளி சேதப்படுத்தும் என்பதும் கருதத்தக்கது.

உணவு நேரம்: நாளின் முதன்மை உணவை மாலையில், விளக்கு அணையும் வேளையை ஒட்டி வைப்பது எலியின் இயல்போடு பொருந்தும். பழம், கடலை முதலிய சிறு பண்டங்களையும் அவ்வேளைக்கே ஒதுக்கலாம். அடிப்படை உணவை இரவு முழுதும் எட்டும்படி வைத்து, அளவால் கட்டுப்படுத்துவது நல்லது. 400 கிராம் எலிக்கு நாளுக்கு 20 முதல் 24 கிராம் உலர் உணவு என்பது தொடக்க அளவு. நீரை எந்நேரத்திலும் நிறுத்தக் கூடாது.

ஒழுங்கு: வார நாட்களில் ஒரு நேரம், விடுமுறையில் வேறு நேரம் என மாற்றாமல் இருப்பது, மூளைக் கடிகாரமும் கல்லீரற் கடிகாரமும் ஒத்துச் செல்ல உதவும். நேரத்தை மாற்ற வேண்டியிருப்பின் பல நாட்களாகப் பிரித்து மாற்ற வேண்டும்.

எடை பார்த்தல்: இரவு முழுதும் உண்டு நீரருந்திய எலி காலையில் கனமாகவும் மாலையில் இலேசாகவும் இருக்கும். பல கிராம் அளவுக்கு வரும் இவ்வேறுபாடு கொழுப்பு கூடியதையோ குறைந்ததையோ குறிப்பதன்று. வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், சமையலறை மின்தராசில் எடை பார்த்துக் குறித்து வைப்பதே பயன்தரும். ஒரு நாளின் எண்ணைவிடச் சில வாரங்களின் போக்கே முதன்மையானது.

வெப்பம்: எலிகளுக்கு வியர்வை வழியாக உடலைக் குளிர்விக்கும் திறன் மிகக் குறைவு. வால் வழியாகவே பெருமளவு வெப்பம் வெளியேறுகிறது. சென்னைப் பகுதியின் சித்திரை, வைகாசி வெயிலில் எலிகள் உணவைக் குறைத்துக் கொள்வது இயல்பு. அக்காலத்து எடைக் குறைவை உணவு நேர மாற்றத்தின் பயனாகக் கருதிவிடக் கூடாது.

வளரும் குட்டிகள், கருவுற்றவை, பாலூட்டுபவை, முதியவை, நோயுற்றவை ஆகியவற்றுக்கு உணவு நேரக் கட்டுப்பாடோ அளவுக் கட்டுப்பாடோ ஏற்றதன்று. காரணமின்றி எடை விரைந்து குறைந்தால் அது பெரும்பாலும் நோயின் அறிகுறி. அந்நிலையில் கால்நடை மருத்துவரை நாட வேண்டும்.

மனிதருக்குப் பொருந்துமா

எலி ஆய்வுகளைத் தொடர்ந்து மனிதரிடமும் இக்கேள்வி ஆராயப்பட்டது. 2013இல் எசுப்பானியாவில் எடைக் குறைப்புத் திட்டத்தில் இருந்த 420 பேரிடம் நடத்திய ஆய்வில், பிற்பகல் 3 மணிக்குப் பின் மதிய உணவு உண்டவர்கள், முன்னதாக உண்டவர்களைவிடக் குறைவாகவே எடை குறைந்தனர். மறுபுறம், 2022இல் சீனாவின் குவாங்சோ நகரில் 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வில், கலோரிக் குறைப்புடன் உணவை காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் வரையறுத்தவர்கள் 8.0 கிலோகிராமும், கலோரியை மட்டும் குறைத்தவர்கள் 6.3 கிலோகிராமும் குறைந்தனர். இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்கதாக இருக்கவில்லை.

மேலும், எலி இரவு விலங்கு, மனிதர் பகல் விலங்கு. எலிக்கு இரவுணவு நன்று என்பதை மனிதருக்குப் பெயர்த்தால் அது பகலுணவு நன்று என்றே ஆகும். பொதுவாக நிற்பது கடிகாரத்தின் எண் அன்று; தன் உடல் விழித்திருக்கும் வேளையில் உண்ணுதல் என்னும் நெறியே ஆகும்.

இவற்றையும் பார்க்க

உயிரியற் கடிகாரம்
பழுப்பு எலி
சுண்டெலி
தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்
மதுரை காமராசர் பல்கலைக்கழகம்
உடற் பருமன்